பக்கவாதமுற்ற பெற்றோரும் பிள்ளைகளின் கடமையும்

ஏர் பிடித்துக் குடும்பத்தைக் காத்த தந்தை, பக்கவாதத்தால் கை கால் விளங்காமல் விழுந்துவிட்டால் வீடே நிலைகுலைகிறது. கட்டிலில் கிடத்திக் கஞ்சி ஊட்டுவதே இனி நம் கடமை எனப் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். இது சரியன்று. தக்க பயிற்சியினால் பலர் மீண்டும் எழுந்து நடமாடுகின்றனர்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகிறது. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்றைத் திடீரெனக் கண்டாலும் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். புறா இரத்தம் தடவுவதிலும் மந்திரிப்பதிலும் கழிந்த பொழுது திரும்பி வராது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் பயிற்சியே மருந்தாகும். கெட்ட பாகத்தின் வேலையை மூளையின் பிற பாகங்கள் ஓரளவு கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்வதே அதற்கு வழி. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் மிகுதியாதலால் ஒரு நாளையும் வீணாக்கலாகாது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

1. எழ இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது.

2. நிமிர்ந்து உட்காரவைத்தே உணவு கொடுத்தல் வேண்டும். படுத்த நிலையில் ஊற்றும் கஞ்சி நுரையீரலில் இறங்கிக் காய்ச்சலை உண்டாக்கும்.

3. தளர்ந்த கையைப் பற்றித் தூக்கலாகாது. தோள் மூட்டு நழுவும்.

4. தம்ளரை எடுத்தல், பொத்தான் போடுதல் போன்றவற்றை, நேரமானாலும் அவரே செய்யட்டும்.

5. மருத்துவரைக் கேளாமல் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துதல் மீண்டும் வாதத்தை வரவழைக்கும்.

பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவரல்லர். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதையும் அவர் எதிரிலேயே, அவரைக் கேளாமல் முடிவு செய்யும் வீடுகள் உள்ளன. அவமதிப்பினால் வரும் மனச்சோர்வு பயிற்சியையே கைவிடச் செய்யும். 'ஆம்', 'இல்லை' என்று தலையசைக்கும்படி கேட்டாலும் அவர் கருத்தை அறியலாம். பணிவிடை முழுவதையும் மருமகள் ஒருத்தி மேல் சுமத்தாது மகன்களும் முறைவைத்துச் செய்தல் நலம்.

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறைப் பயிற்சி வீட்டிற்கே வருகிறது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இவ்வாறு படுத்திருப்போர் யாவர் எனக் கண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிப்பார்களாக. வாயிற்படியருகே ஒரு சாய்தளமும், கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் அமைந்தால், முடங்கிக் கிடந்தவர் பிறர் தயவின்றி நடமாட வழி பிறக்கும்.