வேலை போகும் நாளில் கையெழுத்து

சொந்த ஊரில் வேலை போனால் உற்றார் உறவினர் சில நாளாவது தாங்குவர். மும்பையிலும் டில்லியிலும் குடியேறி வாழும் நமக்கோ, சம்பளம் நின்ற மாதமே வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வாசலில் வந்து நிற்கின்றன. அந்நாளில் சட்டப்படி நமக்கு உரியது எது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் பண்டித நேரு தொடங்கிவைத்த இ.எஸ்.ஐ. திட்டம், நோய்க்கும் பேறுகாலத்துக்கும் விபத்துக்கும் உதவியதேயன்றி வேலையின்மைக்கு உதவவில்லை. அக்குறை நீங்க 53 ஆண்டுகள் ஆயின. 2005 ஏப்ரலில் பிறந்த ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் திட்டம், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தோர்க்கு ஊதியத்தில் ஒரு பங்கை வழங்கியது. 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம், சராசரி நாட்சம்பளத்தில் கால் பங்கை 90 நாள்வரை, வாழ்நாளில் ஒருமுறை அளித்தது. 2020-இல் அது அரைப் பங்காயிற்று. சராசரி நாட்சம்பளம் 600 ரூபாயானால், 90 நாளைக்கு 27,000 ரூபாய். வேலை போய் 30 நாள் கழிந்ததும், முதலாளியை எதிர்பாராமல் தாமே விண்ணப்பிக்கவும் வழி ஏற்பட்டது. இத்திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், அன்றன்றைய விதியை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

வேலை எவ்வாறு போயிற்று என்பதே இங்கு முக்கியம். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்க்கும், விருப்ப ஓய்வு பெற்றவர்க்கும் இவ்வுதவி இல்லை. மேலும், ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதுடன், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் ஈடாகத் தரவேண்டும் என்பது 1953 முதல் நிலவும் சட்டநெறி. தாமாக ராஜினாமா செய்தவர்க்கு அந்த ஈடு கிடையாது.

ஆகவேதான், “எழுதிக் கொடுத்தால் கணக்கு உடனே தீரும்” என்று நீட்டப்படும் தாளைக் கண்டு நாம் எச்சரிக்கை கொள்ளவேண்டும். மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய அத்தாளில் ‘ராஜினாமா’ என்ற ஒரு சொல் இருந்தாலும், பல்லாண்டு உழைப்பின் பயன் கைநழுவிவிடக்கூடும்.

சம்பளச் சீட்டுகளையும் வேலைநீக்கக் கடிதத்தையும் பத்திரப்படுத்துக. இ.எஸ்.ஐ. எண் ஊர் மாறினாலும் மாறாது. புதிய முதலாளியிடம் பழைய எண்ணையே கொடுத்தால்தான் முந்தைய சந்தாக் காலமும் கணக்கில் சேரும். புரியாத தாள் எதுவாயினும், கையெழுத்திடுமுன் நம் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல இங்கே ஆள் உண்டு.