முதல் அறுவையிலேயே தகடு வைக்காதது ஏன்?

நம் விருத்தாசலத்துப் பீங்கான் உடைந்தால் தானாக ஒட்டாது. எலும்போ, அசைவின்றி இருந்து இரத்த ஓட்டமும் கிடைத்தால் தானே கூடும். கீழ்க்கால் எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்த விபத்துகளில் உறவினர் முதலில் கேட்பது, "இன்றே தகடு வைக்கலாமா?" என்பதே. பெரும்பாலும் இயலாது. காயத்தின் மண்ணைக் கழுவி, உயிரிழந்த தசையை நீக்கி, வெளிப்புறச் சட்டத்தால் எலும்பை நிறுத்துவோம். தசையும் தோலும் மூடாத எலும்பில் சீழ் பிடித்தால் காலையே இழக்க நேரலாம்.

காலைக் காப்பதா, அகற்றுவதா என்பதற்குக் கோவை கங்கா மருத்துவமனையினர் வகுத்த மதிப்பெண் முறை உதவுகிறது. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சிதைவோடு நோயாளியின் உடல்நிலையையும் அது கணக்கிடும். 14 வரை பெரும்பாலும் காக்கலாம். 17 முதல் அகற்றுவதே வழக்கம். இடைப்பட்ட நிலையில் குடும்பத்தாருடன் கலந்தே முடிவெடுப்போம்.

எலும்பு கூடப் பல மாதங்களாகும். அதுவரை புகைபிடித்தல் அறவே கூடாது. அது கூடுதலைத் தாமதப்படுத்தும்.