நினைவின் வேர்கள் – 7: படிவுக்கு முன்பே தொடங்கும் சேதம்

1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் ஒரு நோயாளியின் மூளையில் கண்டு சொன்ன இரண்டு அடையாளங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். நரம்பணுக்களுக்கு வெளியே இருந்தவை அமிலாய்டு பீட்டா புரதத்தின் படிவுகள், உள்ளே இருந்தவை டாவ் புரதத்தின் சிக்கல்கள் என்று இன்று அறிவோம். நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்த படிவையே நெடுங்காலம் முதல் குற்றவாளி என்று நம்பினார்கள். ஆனால், மூளை நிறையப் படிவு இருந்தும் கடைசிவரை நினைவு தெளிவாக வாழ்ந்து மறைந்த முதியவர்கள் பலர். அப்படியானால் மறதியின் அளவோடு ஒத்துப்போவது எது? 1991-இல் ராபர்ட் டெர்ரியின் குழு இதற்கு விடை தந்தது: சினாப்ஸ்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றனவோ, அவ்வளவு மறதி. அல்சைமர் முதலில் சினாப்ஸைத் தாக்கும் நோய், அணுக்களின் சாவு பிறகு வருவது என்பதே என் வாதம்.

ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் நுண்ணிய சந்திப்புதான் சினாப்ஸ். நாம் எதையேனும் கற்கும்போது அந்த இணைப்பு வலுப்படுகிறது. அமிலாய்டு பீட்டா மூலக்கூறுகள் இரண்டு, மூன்று எனச் சிறு கூட்டங்களாகச் சேர்ந்தால் அவற்றுக்கு ஒலிகோமர் என்று பெயர். படிவைப் போல ஓரிடத்தில் இறுகிக் கிடக்காமல் இவை திரவத்தில் திரிகின்றன. எலிகளின் மூளையில் இவற்றைச் செலுத்தியபோது, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸில் இணைப்பு வலுப்படுவது தடைபட்டது என்று 2002-இல் டொமினிக் வால்ஷ், டென்னிஸ் செல்கோ குழுவினர் காட்டினர். 2008-இல், அல்சைமரால் இறந்தவர்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஒலிகோமர்களும் அதே தீங்கைச் செய்தன. படிவின் கெட்டியான உட்கருவோ, கரைத்துப் பிரிக்கும்வரை அதைச் செய்யவில்லை. 2016-இல் பெத் ஸ்டீவன்ஸின் குழு இன்னொரு வழியையும் கண்டது. சுண்டெலிகளில் படிவு தோன்றும் முன்பே சி1க்யூ என்ற புரதம் சினாப்ஸ்களில் கூடுகிறது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா அவற்றை விழுங்குகின்றன. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளை நீக்கும் அதே ஏற்பாடு, களையோடு பயிரையும் பிடுங்குகிறது.

இதை மறுப்பவர்கள் முதலில் சுட்டுவது, குறிப்பிட்ட ஓர் ஒலிகோமரைப் பற்றி 2006-இல் வெளியான பெயர்பெற்ற கட்டுரையை. படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அது பெரும் தவறுதான். ஆனால் மேலே சொன்ன சான்றுகள் எதுவும் அதன் மேல் நிற்கவில்லை. மனித மரபணுக்களும் தனியே சாட்சி சொல்கின்றன. ஜப்பானில் கண்டறியப்பட்ட ஒசாகா மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் படிவு மிகக் குறைவாகவே தெரிகிறது. ஆயினும் மறதி நோய் வருகிறது. அந்த மாற்றம் ஒலிகோமர்கள் சேர்வதைத் தூண்டுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: அமிலாய்டை அகற்றும் மருந்துகள் ஏன் நோயைக் குணமாக்கவில்லை? லெகானெமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தபோது, நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது, நிற்கவில்லை. மருந்து பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. இந்தப் பலன் சிறியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் அறிகுறிகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன. அமிலாய்டு சேரத் தொடங்குவதோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பு. புரதத்தை நீக்கினாலும், அழிந்த இணைப்பு தானே முளைத்துவிடாது. அமிலாய்டு தனியாகவும் இயங்குவதில்லை. டாவைக் குறைத்த சுண்டெலிகளில் அமிலாய்டு இருந்தும் நினைவு பெரிதும் காப்பாற்றப்பட்டது என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே, படிவு எவ்வளவு கரைந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு மருந்தை எடைபோடக் கூடாது. எத்தனை சினாப்ஸ்கள் பிழைத்தன என்பதே அளவுகோலாக வேண்டும். வீட்டில் ஒரு பெரியவர் புதிதாகக் கேட்டதையே திரும்பத் திரும்ப மறந்தால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)