அழி ரப்பரைப் பிடுங்கிட்டாங்க!

கோவை ரங்கே கவுடர் வீதி மண்டிகளில் ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை என்றொரு ஜீவன் இருப்பார். காதில் பேனா, முன்னால் சாய்வு மேஜை, அதன்மேல் தலையணை கனத்துக்கு ஒரு பேரேடு. முதலாளியின் மனைவிக்கே தெரியாத ரகசியமெல்லாம் அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ம்ஹூம்!

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. எழுதியது தப்பாகிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. பிளேடால் சுரண்டக் கூடாது. பக்கத்தைக் கிழிப்பது மகா பாவம்! தப்பின்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான தொகை. ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. முதலில் என்ன இருந்தது, என்னவாக மாறியது, மாற்றியது யார்... மூன்றும் அடுத்த தலைமுறைக்கும் தெரியும்.

பி.காம். படித்ததில் என் மண்டையில் தங்கிய பாடம் இது. (மற்றதெல்லாம் பரீட்சைக்கு மறுநாளே போயே போச்சு!)

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. டேலி பிறந்த கதை நம்ம மில் ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. தென்னிந்திய, கிழக்கிந்திய நூற்பாலைகளுக்கு மூலப்பொருளும் மெஷின் பாகங்களும் சப்ளை செய்துவந்தார் ஷ்யாம் சுந்தர் கோயங்கா. தன் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு சாஃப்ட்வேர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத்திடமே வேலையை ஒப்படைத்தார். 1986-ல் பெங்களூரில் கம்பெனி ஆரம்பமானது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ. காந்திபுரத்தில் டேலி வகுப்பு போர்டைப் பார்க்காமல் பத்துக் கடை தாண்ட முடியாது என்கிற அளவுக்கு அந்தப் பெயர் நம்மோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் கூடவே ஒரு வினையும் வந்தது. பேப்பரில் இருந்த அந்த ஒற்றைக் கோடு திரையில் காணாமல் போயிற்று! பழைய பதிவைத் திறந்து, தொகையை மாற்றி, ஒரு தட்டு தட்டினால் போதும். முதலில் என்ன இருந்தது என்ற சுவடே கிடையாது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுன்டன்ட்டாக இருக்கும் நண்பர் சொன்னார்: "செப்டம்பர் மாசம் மொதலாளி கூப்புடுவாருங்க. 'மார்ச்ல லாபம் ஜாஸ்தியாத் தெரியுது, கொஞ்சம் கொறைச்சுரு'ம்பாரு... ரேடியோ சத்தத்தைக் கொறைக்கறாப்புல! பேங்க் லோன் கேக்கப் போறப்ப அதே லாபத்தை ஏத்தச் சொல்லுவாரு."

இதற்குத்தான் மத்திய அரசு ஒரு கடிவாளம் போட்டது. 2021 ஏப்ரலில் வர வேண்டிய விதி, 2022-க்குத் தள்ளி, அப்புறம் 2023-க்குத் தள்ளி, ஒருவழியாக 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அணைக்கவே முடியக் கூடாது. வருஷம் முழுக்க அது ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். எடிட் லாக் என்கிறார்கள். புதுமையா என்ன? நம்ம கணக்குப்பிள்ளையின் ஒற்றைக் கோடுதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

ஆடிட்டர்களுக்கும் பூட்டு உண்டு. ஆடிட்டரே இல்லாத ஆசாமிகள் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துச் சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 முதல் ஆடிட்டர் சர்டிபிகேட்டுக்கு 18 இலக்க யு.டி.ஐ.என். எண் கட்டாயம். எண்ணைத் தட்டினால் அசலா, போலியா என்று பேங்க்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வேறொரு வியாபாரம் கிளம்பியது. சரக்கு வராது, லாரி வராது, பில் மட்டும் வரும்! பத்து லட்ச ரூபாய் பில், 18 சதவிகித வரி என்றால், உட்கார்ந்த இடத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரவு. யாரும் கட்டாத வரியைக் கட்டியதாகச் சொல்லி அரசிடம் கழித்துக்கொள்வது. 5 கோடியைத் தாண்டினால் 5 வருஷம் வரை சிறை. 2023 ஆகஸ்ட் முதல், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசின் கம்ப்யூட்டரில் பதிந்து எண் வாங்கியாக வேண்டும். வலை இறுகுகிறது. ஆனால் எந்த கம்ப்யூட்டரும் குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணாது. எண்ண வேண்டியவன் மனுஷன்தான்.

இன்னொன்று. எந்த ஆடிட்டர் ஆபீஸ் டிராயரையாவது எட்டிப் பாருங்கள். பென்டிரைவ் மாதிரி குட்டிக் குட்டியாகக் கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டி. அத்தனையும் டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து! "நீங்களே வெச்சுக்குங்க சார், எனக்கு எதுக்கு?" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு இப்படி விட்டுவிட்டுப் போவோமா? வைத்திருப்பவர் யோக்கியராகவே இருந்தாலும், பழக்கம் யோக்கியமானதல்ல.

சரி, மெஷின் சொன்னால் சத்தியமா? இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேர். செய்து கொடுத்தது புஜிட்சு. கல்லாவில் பணம் குறைவதாக அது தப்புத் தப்பாகக் காட்டியது. 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று அதிகாரிகள் சாதித்தார்கள். 1999-லிருந்து 2015 வரை 900-க்கும் மேற்பட்ட தபால் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். 2024-ல் பார்லிமென்ட்டே தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் இழந்த வருஷங்களுக்கு யார் வவுச்சர் போடுவது?

ஆக, மெஷினை நம்பி மனுஷனைச் சந்தேகிப்பதும் தப்பு. மனுஷனை நம்பி மெஷினை அணைத்துவைப்பதும் தப்பு.

நம்ம ஊருக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. எடிட் லாக் கட்டாயம் என்பது கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்கு மட்டும். சோமனூர் தறிக்குடோன், ஈரோடு மஞ்சள் மண்டி, கணபதி பக்கத்துப் பட்டறை... இவற்றில் தனி முதலாளியும் பங்குதாரர்களும் நடத்துபவை ஏராளம். அங்கே ரப்பர் இன்னும் மேஜை மேலேயேதான் கிடக்கிறது. எடுப்பதும் எடுக்காததும் அக்கவுன்டன்ட்டின் மனசைப் பொறுத்தது. அவருக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் உண்டு.

"முடியாதுன்னு சொன்னா வேலை போயிருமில்லீங்களா?" என்று அந்தத் திருப்பூர் நண்பரிடமே கேட்டேன்.

"போகலாமுங்க. ஆனா நாளைக்கு ஒரு கேஸுன்னு வந்தா மொதலாளி என்ன சொல்லுவாரு? 'எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க, எல்லாம் அக்கவுன்டன்ட்தான்'ம்பாரு! லாகின்ல இருக்கறது எம் பேரு. அதனால ரெண்டு பழக்கம் வெச்சிருக்கறேன். என்னோட பாஸ்வேர்டை ஒருத்தருக்கும் தர்றதில்லை. பழைய கணக்கைத் திருத்தச் சொன்னா, 'காரணத்தை வாட்ஸ்அப்புல ஒரு வரி எழுதிப் போட்டுருங்க, உடனே திருத்திர்றேன்'னு சொல்லிருவேன்."

"எழுதி அனுப்பறாருங்களா?"

"நெசமாலுமே தப்பா இருந்தா உடனே வந்துருமுங்க. மத்ததுக்கு...?" சிரித்தார். "மறந்துட்டேன்ப்பா, அப்புறம் பாக்கலாம்பாருங்க!"