முரசுக்குள் மறைந்திருந்த சேனை

டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில், மணலைக் குவித்து அதையே ஆசனமாக்கிக்கொண்டு, ஒரு ராஜசபையின் வைபவத்தைக் கண்டு களித்ததுண்டா? 1948-இல் எஸ். எஸ். வாசன் தயாரித்து டைரக்ட் செய்த ‘சந்திரலேகா’ அந்தப் பாக்கியத்தைச் சாமானிய ஜனங்களுக்கும் அளித்தது. பிரம்மாண்டமான முரசுகளின் மீது நர்த்தகிகள் வரிசை வரிசையாக நின்று ஆடி முடித்த மறுகணமே, அவற்றினுள் ஒளிந்திருந்த வீரர்கள் வாளேந்திக் குபீரென்று வெளிப்படுவதைக் கண்ட ஜனங்களின் ஆரவாரத்தை என்னவென்று வர்ணிப்பது! இத்தனைக்கும், வர்ணமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம் அது. படம் ஹிந்தியிலும் வெளியானபோது, வடநாட்டு ரசிகர்களையும் அந்த முரசு நடனம் பரவசப்படுத்தியது.