ஏழு கிராம் எங்கே போச்சு?

இரவு பதினொன்றரை மணிக்குக் கைப்பேசி சிணுங்கியது. தைப்பிங்கிலிருந்து ஒரு டீச்சரம்மா. "அண்ணே, நீங்க விற்பனைக்குப் போட்டிருக்கிற 1907 எட்வர்ட் ராஜா வெள்ளியை 20.06 கிராம்னு எழுதியிருக்கீங்க. எங்க அப்பா வெச்சிட்டுப் போன காசு 27 கிராம் காட்டுது. அதே ராஜா, அதே தலை. ஏழு கிராம் எங்கே போச்சு?"

தூக்கம் போய்விட்டது. ஆனால் எரிச்சல் வரவில்லை. இப்படிக் கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். "ஒரிஜினலா?" என்று மட்டும் கேட்டால் நான் "ஆமா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஏமாற்றுகிறவனும் அதே "ஆமா"வைத்தான் சொல்வான். அந்தச் சொல்லுக்கு ஐந்து காசு மதிப்பு கிடையாது.

கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்கும் பினாங்குப் பாலத்துக்கும் இடையே ஓர் அடுக்குமாடியில் பதினோராவது மாடி என் வீடு. சாப்பாட்டு மேசைதான் கடை. முன்பு ஜார்ஜ்டவுனில் மணி சேஞ்சர் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்றேன். நோட்டைத் தடவினாலே கை சொல்லிவிடும் என்ற திமிர் அங்கே வந்தது. ஆன்லைனில் காசு விற்க ஆரம்பித்த பிறகு அந்தத் திமிர் போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

டீச்சருக்குத் திருப்பி ஒரு கேள்வி அனுப்பினேன்: "உங்க அப்பா காசுல என்ன வருஷம் போட்டிருக்கு?" 1903 என்று பதில் வந்தது. "ரெண்டுமே சரியான எடைதான் டீச்சர்" என்று தொடங்கி நீளமாக எழுதினேன்.

இந்தப் பக்கத்தில் முன்பு மெக்சிகோ வெள்ளியும் பிரிட்டிஷ் ட்ரேட் டாலரும் புழங்கின. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட் தனக்கென்று வெள்ளி டாலர் அடித்தது 1903இல். எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1906இல் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று மாற்று விலையைக் கட்டிவைத்தார்கள். உலகச் சந்தையில் வெள்ளி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. காசாகக் கொடுப்பதைவிட உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தால் எந்தக் காசு ஊரில் தங்கும்? அதனால் 1907இல் காசைச் சின்னதாக்கினார்கள்: 20.21 கிராம். குறுக்களவும் 37 மில்லிமீட்டரிலிருந்து 34 சொச்சத்துக்கு இறங்கியது. 1919இல் ஜார்ஜ் ராஜா தலையோடு வந்தது இன்னும் மோசம். 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. மலேசியாவில் நாம் இன்றைக்கும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரில் பாதி செம்பாகி நூறு வருடம் தாண்டிவிட்டது.

என் காசு 20.21 இல்லாமல் 20.06 இருப்பதற்குக் காரணம் தேய்மானம். கை மாறி மாறிப் புழங்கிய காசு அது.

"சரி, எடையை ஒத்துக்கறேன். உள்ளே வெள்ளிதான்னு எப்படி நம்பறது?" அடுத்த கேள்வி. மணி பன்னிரண்டு. நம்பச் சொல்லவில்லை, காலையில் ஒரு வீடியோ அனுப்புகிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள் என்றேன்.

அந்த வீடியோவுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு பிளாஸ்டிக் குவளை, தையல் நூல். முதலில் காசைக் காய்ந்தபடி நிறுக்க வேண்டும்: 20.06. பிறகு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்க வேண்டும். அடியிலும் படக்கூடாது, பக்கத்திலும் உரசக்கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. அப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. எனக்கு வந்தது 1.95. 20.06ஐ 1.95ஆல் வகுத்தால் 10.29. தொண்ணூறு சத வெள்ளிக்கு 10.3 வாக்கில் வர வேண்டும். செம்பு நிக்கல் கலவையாக இருந்தால் ஒன்பதைத் தொடாது. முழு வீடியோவையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுப்பேன்.

இதிலும் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் உலோகத்தைப் பற்றித்தான் பேசும், அச்சைப் பற்றிப் பேசாது. அசல் வெள்ளியிலேயே போலி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னக் காசில் தராசின் கடைசி எண் ஒன்று தள்ளினாலும் விடை எங்கேயோ போய்விடும். அதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவேன். காந்தத்தைக் காட்டி "பாருங்க, ஒட்டல" என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குச் சிரிப்பு வரும். பித்தளையிலும்தான் காந்தம் ஒட்டாது.

இப்போது திமிர் போன கதை. வியாபாரம் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1902ஆம் வருட ட்ரேட் டாலர் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் திரிசூலம் பிடித்து நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். கையில் எடுத்ததும் 'நல்ல காசு' என்று தோன்றியது. நிறுக்கவில்லை. ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், சூலத்தோட நடு முனையில பொடியா 'பி' எழுத்து இருக்கா? இருந்தா பம்பாய் அச்சு." நான் கண்ணாடியை எடுக்கவே இல்லை. "இருக்கு தம்பி" என்று எழுதிவிட்டேன். பம்பாயில் அடித்தது நிறைய, இருக்கத்தானே செய்யும் என்ற நினைப்பு. காசு அவர் கைக்குப் போன மறுநாள் படம் வந்தது. 'பி' இல்லை. எடை 24.1. இருக்க வேண்டியது 26.96.

பணத்தையும் இரண்டு வழித் தபால் செலவையும் அன்றே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் போலியை யாருக்கும் தள்ளிவிடவில்லை. சிவப்பு நூல் கட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அசல் ட்ரேட் டாலர் விற்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பேன். தம்பி இன்றைக்கும் என்னிடம் வாங்குகிறார். இப்போதும் அதே கேள்வியைக் கேட்கிறார், நான் இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

படத்தை வேறு எங்கேயோ திருடிப் போட்டு, கையில் இல்லாத காசை விற்பது பழைய தந்திரம். அதனால் சிலர், "இன்னிக்கு மக்கள் ஓசை பேப்பர் மேல வெச்சு எடுங்க" என்பார்கள். கோபப்பட இதில் என்ன இருக்கிறது? நானாகவே ஒரு துண்டுச் சீட்டில் கேட்டவர் பெயரையும் தேதியையும் எழுதிக் காசுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் தலை, பூ, விளிம்பு மூன்றும் எடுப்பேன். கீறல் இருந்தால் அதுதான் முதல் படம். விளிம்பில் இருக்கும் பள்ளங்களைக் கிட்டத்தில் எடுத்து வைப்பது எனக்கும் பாதுகாப்பு. திருப்பி வருகிற காசு நான் அனுப்பியதுதானா என்று தெரிய வேண்டாமா?

அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி, "கழுவினதா?" நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போல வெள்ளிக் காசை விபூதி போட்டுத் தேய்த்து வைப்பார்கள். என் அம்மாவும் செய்தார். சேகரிப்பவர்களுக்கு அது வேப்பங்காய், விலை சரசரவென்று இறங்கும். ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள், எழுத்துச் சந்துகளில் மட்டும் மிச்சமிருக்கும் கறுப்பு. பார்த்தால் தெரிந்துவிடும். "ஆமா, விபூதியில கழுவினது, அதான் விலை குறைவு" என்று எழுதிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. மறைத்தால்தான் பேச்சு வளரும்.

"இன்னொருத்தர் இதே காசை முப்பத்தஞ்சு வெள்ளிக்குத் தர்றாரே?" என்றால் சண்டைக்குப் போகமாட்டேன். 1907 டாலரில் பதினெட்டு கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது. நகைக்கடையில் இன்றைய வெள்ளி விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள் என்பேன். உருக்கினாலே அதைவிட அதிகம் வரும் காசை எந்தப் புண்ணியவான் முப்பத்தைந்துக்குக் கொடுக்கிறான்?

"என்.ஜி.சி. பெட்டி போட்டதா?" என்று கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எழுபது வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கின்றன. பெட்டியிலும் போலி வந்துவிட்டது. எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரத்தையும் படத்தையும் கையிலிருக்கும் காசோடு ஒப்பிட வேண்டும். எல்லாக் காசுக்கும் இது கட்டுப்படியாகாது.

பணம் அனுப்பும் இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. நடுங்கட்டும். மலேசியப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் என் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று நானே சொல்வேன். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே 997க்கு அடிக்க வேண்டும். கடைக்காரரோடு தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை அங்கே வழக்குப் போடலாம். இதையெல்லாம் விற்பவனே சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று என் மருமகன் பயந்தான். ஒருவரும் ஓடவில்லை.

நான் பதில் சொல்லாத கேள்வி ஒன்றே ஒன்று: "அஞ்சு வருஷத்துல எவ்வளவு ஏறும்?" அதற்கு ஜோசியர்கள் இருக்கிறார்கள்.

சில சமயம் தலைகீழாக நடக்கும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்ட, 1818 என்றும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்றும் எழுதிய செப்புக் காசின் படத்தை அனுப்பி, "கோடிக்குப் போகுமாமே, வாங்கிக்கிறீங்களா?" என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பூஜைக்காகப் பிற்காலத்தில் செய்த வில்லைகள் அவை. 'ரைஸ் புல்லிங்' என்று அரிசியை இழுக்கும் காசு தேடி நிலத்தை விற்றவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பழைய காசு வாங்க விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்தது. இப்படிப் படம் அனுப்புகிறவர்களுக்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிக நேரமாகும். பாட்டி வைத்துவிட்டுப் போனது என்பார்கள். பாட்டி பொய் சொன்னார் என்று ஆகிவிடக்கூடாது இல்லையா?

தைப்பிங் டீச்சர் வீடியோவை மூன்று முறை பார்த்ததாகச் சொல்லிப் பணம் அனுப்பினார். இரண்டு நாளில் பொட்டலம் போய்ச் சேர்ந்தது. உடனே செய்தி: "நீங்க 20.06னு சொன்னீங்க. இங்க வெறும் 20தான் காட்டுது." டீச்சர், அது மாவு நிறுக்கிற தராசு, புள்ளிக்குப் பிறகு எண் காட்டாது என்றேன். அன்றைக்கு அமைதி.

மறுநாள் மாலை நகைக்கடைத் தராசின் படம் வந்தது. 20.07. கீழே ஒரே வரி: "ஒரு புள்ளி கூடுதலா இருக்கே, ஏன்?"

தராசைச் சரிபார்க்க ஐம்பது கிராம் எடைக்கல் ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்து வைத்தேன். 49.98.

"நகைக்கடைத் தராசுதான் சரி டீச்சர்" என்று எழுதி, எடைக்கல்லின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.