உஷார்! அந்த ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள்

தொடை இடுக்கில் அரிப்பு, இடுப்பில் வட்டமாக ஒரு தடிப்பு. உடனே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிற ஆளா நீங்கள்? இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மூடியைத் திறக்காதீர்கள்.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. டூவீலரில் நனைந்தபடி ஹிஞ்சவடி ஐ.டி. அலுவலகங்களுக்குப் போய், ஈர ஜீன்ஸோடு நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஒரே வாஷிங் மெஷினில் நாலு பேர் துணியும் சுற்றும் பி.ஜி. அறைகள், வெயிலே படாமல் கொடியில் நாலு நாள் தொங்கும் உள்ளாடைகள். படர்தாமரைப் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

கடையில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இளைஞன் ஒருவன் குரலைத் தாழ்த்தி, ‘பையா, குஜ்லிக்கு ஒரு ட்யூப்’ என்கிறான். கடைப் பையன் பார்க்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்துப் போடுகிறான். டாக்டர் சீட்டு கேட்பதில்லை. தடவிய இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மங்குகிறது. ‘சூப்பர் மருந்து’ என்று அறை நண்பனுக்கும் கைமாறுகிறது.

அங்கேதான் ஆபத்து. பல ட்யூப்களில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையை எதிர்த்துப் போராடும் நம் தோலைத்தான் அடக்கிவைக்கும். திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாயின் வாயைக் கட்டுவது மாதிரி. அரிப்பு போன தைரியத்தில் நீங்கள் நிறுத்துவீர்கள். பூஞ்சை இரண்டு மடங்காகப் பரவித் திரும்பி வரும். மறுபடி தடவுவீர்கள். இப்படியே மாதங்கள் ஓடினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை மறைவதில்லை. வட்டம் உருமாறிப் போவதால், பார்க்கிற டாக்டருக்கே இது படர்தாமரைதானா என்று குழப்பம் வரும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச்-இல் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்த தோல் க்ரீம்களும் அதில் உண்டு. சட்டம் வந்தது, கவுன்ட்டர் பழக்கம் போகவில்லை.

விளைவு? மருந்துக்கு மசியாத பூஞ்சை ஒன்று இங்கே பெருகிவிட்டது. இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே’. நம் நாட்டின் பெயரையே ஒட்டிக்கொண்டது! டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து தாக்கும் நொதியின் மரபணுவையே இதன் பல வகைகள் மாற்றிக்கொண்டுவிட்டன. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர்.

இதில் புனேக்காரர்கள் வெட்கப்பட ஒரு விஷயம் உண்டு. 1954-இல் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையில், 1960களின் தொடக்கத்தில் எம்.ஜே. திருமலாச்சார் குழுவினர் அந்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்தே ஹேமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கண்டெடுத்தார்கள். அந்த நுண்ணுயிருக்குப் பிம்ப்ரியின் பெயரையே சூட்டினார்கள். பூஞ்சைக்கு மருந்து கொடுத்த ஊர், இன்று கண்ட ட்யூப்பையும் தடவி இருக்கிற மருந்தையும் வீணாக்குகிறது.

சரி, என்ன செய்வது?

ட்யூப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், அவை ஸ்டீராய்டுகள். க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல் போன்றவை தனியாக இருந்தால் அது பூஞ்சை மருந்து. க்ளோட்ரிமசோலும் க்ளோபெட்டசாலும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். கவனம்!

வட்டத்துக்குள் மட்டும் தடவாதீர்கள். விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். துண்டும் உள்ளாடையும் தனி. சுடுநீரில் துவைத்து, இடுப்புப் பட்டை, தையல் ஓரங்களை இஸ்திரி போட்டு உடுத்துங்கள். வீட்டில் எத்தனை பேருக்கு அரிக்கிறதோ அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்கட்டும். பூண்டை அரைத்துப் பற்றுப் போடுவது வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும்.

பூஞ்சை நகத்தில் வந்தாலோ? நகச்சொத்தைக்குத் தோல் க்ரீம் தடவுவது காசுக்குக் கேடு. கெட்டியான நகத்துக்குள் அது இறங்காது. அதற்கென்றே அமரோல்ஃபின், சைக்ளோபிராக்ஸ் பூச்சுகள் இருக்கின்றன. நகத்தை அரம் போட்டுத் தேய்த்து, மாதக்கணக்கில் பூச வேண்டும். கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பாதிப்பு அதிகமென்றால் பூச்சு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். அதைக் கல்லீரல் நிலை பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். நிறம் மாறிய நகமெல்லாம் பூஞ்சையும் அல்ல. நகத்தைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய சோதனை, சாசூன் போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவிலேயே உண்டு.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முகத்திலோ தலையிலோ படை வந்தவர்கள் கடைப்பக்கமே போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு ட்யூப் தடவிக்கொண்டிருக்கிறீர்களா? நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் சிவப்பும் எகிறும். பயந்துபோய் மறுபடி அதையே எடுக்காதீர்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள். காலி ட்யூப்பையும் கூடவே கொண்டுபோங்கள். எதைத் தடவினீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் சரியான மருந்தைத் தர முடியும்.